லெட்சுமியின் முழுப்பேர்

பழைய தட்டு இருந்தால் கொண்டுவந்து தாருங்கள் என்று பூரணி ஊரெல்லாம் சொல்லி வைத்ததுதான் தப்பாகப் போயிற்று. அடுத்த கிழமையே வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மூன்று டிவிசனிலிருந்தும் அவளுடைய குவார்ட்டஸ் வாசலில் எனாமல் தட்டு, அலுமினியத் தட்டு, விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு என்று வந்து குவிந்தன. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் சாமிக்குக் கற்பூரம் காட்டும் தட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதைத் திருப்பி அனுப்ப அவள் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா?

"பாட்டுத் தட்டுங்க. பாடுற தட்டு" என்று அவள் கையை வட்டமாகச் சுற்றிக் காட்டி விளக்கியிருக்கிறாள்.

"தட்டு எங்கங்க மிஸ் பாடும்? கீழ போட்டா சத்தம் வரும்" என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அவள் 'ரெக்கோட்டு' என்று மட்டும்தான் சொல்லுவாள். என்ன சொல்லி என்ன, தோட்டத்தில் அவளுக்குத் 'தட்டு மிஸ்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அவளும் அதைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொண்டாள். கோபப்பட வேண்டிய இடத்தில் மட்டும் கோபப்படுகிற பெண் அவள். அப்படி ஓர் இடமும் இந்தக் கதையில் வரத்தான் போகிறது.

பூரணிக்கு ஐம்பத்திரண்டு வயது. மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறினால் வருகிற அந்தத் தோட்டத்து ஆபீசில் முப்பது வருசமாகச் செக்ரோல் என்ற வருகை, கூலிப் பதிவேட்டை எழுதுகிறாள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கூப்பிட்டுப் பார்ப்பார்கள் அல்லவா, அந்தக் கணக்கெல்லாம் மத்தியானத்துக்குள் அவள் மேசைக்கு வந்துவிடும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் செக்ரோலில் ஒரு நம்பர் உண்டு. ஆளைப் பார்த்ததும் நம்பர் ஞாபகம் வரும். நம்பரைச் சொன்னால் ஆளின் முகம் ஞாபகம் வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்து அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்பிள்ளை அவள்தான். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் "நேரம் கெடைக்கலீங்க" என்பாள். அவள் சொல்கிற தோரணையைப் பார்த்து அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வந்ததில்லை.

ரெக்கோட்டுப் பைத்தியம் பிடித்தது பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால். பூட்டிக் கிடந்த சின்னத் துரை பங்களாவின் கூரை சரிந்துவிட்டது என்று உள்ளே இருந்த சாமான்களை அள்ளி முற்றத்தில் போட்டார்கள். எதை எடுத்தார்கள், எதை எறிந்தார்கள் என்று எழுதிக்கொள்ள ஆபீசிலிருந்து பூரணியை அனுப்பினார்கள். அங்கே வேலைக்கு வந்தவர்கள் தண்ணீர்க் குடத்தை ஒரு கறுப்பு வட்டத்தால் மூடி வைத்திருந்தார்கள். அவள் அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தபோது மெல்லிய கோடு கோடாக ஓடியது. நடுவில் ஒட்டியிருந்த கடதாசியில் தமிழில் ஏதோ ஒரு பாட்டின் முதலடி. குப்பையைக் கிளறியதில் இன்னும் பத்து அகப்பட்டன. எழுதும் கடதாசியில் 'கறுப்புத் தட்டு, பதினொன்று, உதவாது' என்று எழுதிவிட்டு, உதவாததைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று பெரிய கிளாக்கரைக் கேட்டாள். எடுத்துப் போ என்று அவர் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு இன்றைக்கும் தைப்பொங்கலுக்குப் பொங்கல் போகிறது.

அதைப் பாடவைக்க ஒரு பெட்டி வேண்டுமே. ஹட்டனில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சுனில் மாத்தயாவிடம் ஒரு கிராமபோன் கிடந்தது. சாவி முறுக்கினால் முறுக்கிக்கொண்டே போகும், உள்ளே ஸ்பிரிங் அறுந்திருந்தது. வாங்க ஆளில்லாத சாமானை இந்த மிஸ் வாங்குகிறாளே என்று அவருக்கே பாவமாகப் போய், கண்டியில் தனக்குத் தெரிந்த மணிக்கூடு திருத்துகிறவரிடம் கொடுத்துத் திருத்தியும் தந்தார்.

முதன்முதலாக அது பாடிய அன்று பக்கத்தில் இருந்தவள் நாகலெட்சுமி. பூரணியோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்குப் பலகையில் இருந்தவள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறியவள் இன்று வரை கொழுந்துதான் எடுக்கிறாள். ஆர்மோனியம் இழுத்தது, ஒரு மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். பாட்டு முடிந்ததும் பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி அழுவுற? சோகப் பாட்டா?"

"இல்லடி. செத்துப்போன மனுசரு ஒருத்தரு நம்ம வீடு தேடி வந்து இம்புட்டு நல்லா பாடிட்டுப் போறாரு. ஒரு டீத்தண்ணி குடுக்க முடியலையேன்னு இருக்கு."

பூரணியின் குணத்தை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. எதைக் கண்டாலும் தனக்கு யாரோ தந்தது என்றுதான் அவளுக்குத் தோன்றும். ரெக்கோட்டுக்கு அவளே காகித உறை தைப்பாள். உறையின் மேல் பாடகர் பெயரை எழுதுவதற்கு முன்னால், அது யார் கையால் வந்தது என்பதைத்தான் எழுதுவாள். 'பூண்டுலோயா சலூன்காரர் தந்தது.' 'பெயர் தெரியாத அம்மா, ஹட்டன் சந்தை.' பாதிக்கு மேல் 'சுனில் மாத்தயா'. அந்த மனிதர் எங்கே பழைய வீடு காலி செய்தாலும் முதலில் ரெக்கோட்டைத்தான் தேடுவார். "மிஸ், தெட்டி வந்தது. நான் ஒளிச்சு வெச்சது. ஹெட்ட எண்ட" என்று தனக்குத் தெரிந்த தமிழிலும், நாளைக்கு வாருங்கள் என்கிற மீதியைச் சிங்களத்திலும் போன் பண்ணுவார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, "அண்ணே, தட்டு மிஸ் ஏறியிருக்காங்க, குழி பாத்து எறக்குங்க" என்று கண்டக்டர் சத்தம் போடுவான். ஆட்களை மூட்டையாக அடுக்கும் அந்த பஸ், அவளுக்காக மட்டும் குழியைக் கண்டு தயங்கும்.

தெரியாத்தனமாக அவள் கெடுத்ததும் உண்டு. அந்தக் காலத்து ரெக்கோட்டு அரக்கால் செய்தது. ஒருமுறை அழுக்கு நன்றாகப் போகட்டும் என்று டிஸ்பென்சரியிலிருந்து ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சில் நனைத்துத் துடைத்தாள். அழுக்கோடு பாட்டும் சேர்ந்து பஞ்சில் வந்துவிட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும்தான்.

இப்படிச் சேர்ந்து சேர்ந்து முந்நூறைத் தாண்டிவிட்டது. நாடகப் பாட்டு, தேவாரம், கோமாளிப் பேச்சு, சிங்களப் பாட்டு, இங்கிலீஷ் பாட்டு எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. அத்தனையிலும் மலையகத்துக் குரல் ஒன்றுகூட இல்லை. மலையேறிக் கொழுந்தெடுத்தவர்கள் பாடாத பாட்டா? ஆனால் அவர்களைக் கூப்பிட்டு ரெக்கோட்டில் பாட வைக்க யாருக்குத் தோன்றியிருக்கும்? அப்படி ஒன்று இருக்காது என்றுதான் அவளும் எண்ணிக்கொண்டாள்.

போன மாசம் சுனில் மாத்தயா பட்டிப்பொலப் பக்கம் ஒரு வீட்டுச் சாமான்களை எடுத்தபோது, இரண்டு படச் சட்டங்களுக்கு நடுவில் ஒரு ரெக்கோட்டு அகப்பட்டது. விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு மயிரிழை விரிசல். ஒரு பக்கத்தில்தான் பாட்டு, மறுபக்கம் வழவழப்பு. நடுக்கடதாசியில் பாதி உரிந்துபோய், மிச்சத்தில் இங்கிலீஷ் எழுத்தில் 'கும்மி' என்றும் அதன் கீழே பாடியவள் பெயரும் தட்டின் இலக்கமும் இருந்தன. பூரணி அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். எல், ஈ, டி, சி, எச். லெட்சுமி. கடையிலேயே நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இதில் உட்கார என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தோட்டத்து ஆபீசுக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லைதான். வெள்ளைக்காரன் காலத்துக் கிளாக்கர்மார் தங்கள் காதில் விழுந்தபடி தோட்டத்து லெட்சுமிகளை டி-யும் சி-யும் போட்டு எழுதி வைத்தார்கள். அப்பன் பெயர், ஆத்தா பெயர் எல்லாம் அப்படித்தான் ஏறியது. இன்றைக்கும் அடையாள அட்டையில் அப்படியேதான் வருகிறது. முப்பது வருசம் அந்த எழுத்தை எழுதித் தேய்ந்த கை பூரணியின் கை.

அன்று வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தாள். பெண் குரல், கைதட்டல், முருகன் மேல் ஒரு கும்மி. பாதியில் பார்த்தால் ஊசி போன தடத்தில் கறுப்பு மாவு மாதிரி தூள் எழுந்துகொண்டிருந்தது. பதறிப்போய் ஊசியைத் தூக்கிவிட்டாள். தேய்ந்துபோன ரெக்கோட்டு, இரும்பு ஊசி அதைத் தின்கிறது. முழுவதும் கேட்க ஆசைப்பட்டால் அதுவே கடைசித் தடவையாகிவிடும்.

இந்த விசயத்தைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் பரமலிங்கம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் முப்பது வருசம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்று, அங்கேயே வீடெடுத்துத் தங்கிவிட்டார். இலங்கையில் பதிவான பழைய தமிழ் இசைத்தட்டுகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். சுனில் மாத்தயா கடையில் ஒரே ரெக்கோட்டின் மேல் இரண்டு பேரும் கை வைத்ததில் ஏற்பட்ட பழக்கம்.

போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பிள்ளை, உது மதராஸ் நாடகக்காரி ஒருத்தி. கிட்டத்தட்ட இதே இலக்கத்திலை அவவின்ரை தட்டு ரெண்டு என்னட்டை இருக்கு. லட்சுமி எண்டுதான் பேர்."

"அவங்க பேரு எப்படிங்க சேர் எழுதியிருக்கு?"

"எல், ஏ, கே, எஸ்…"

"இதுல எல், ஈ, டி, சி, எச்ங்க."

"அச்சுப்பிழையாய் இருக்கும்."

கோபப்பட வேண்டிய இடம் என்றேனே, இதுதான் அது. பூரணிக்குக் காது சுட்டது. "எங்க செக்ரோல்ல இப்ப மட்டும் பத்தொம்போது லெட்சுமி இருக்காங்க சேர். பத்தொம்போது பேருக்கும் இதே எழுத்துத்தான். எல்லாரும் அச்சுப்பிழைங்களா?"

அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்கள் சொல்லிறதிலை நியாயம் இருக்கு. ஆனா எழுத்தை மட்டும் வைச்சு ஆள் எந்த ஊர் எண்டு முடிவு செய்யேலாது. முருகன் கும்மி எல்லா ஊரிலையும் பாடுவினம். வாற புதன்கிழமை பட்டியல் அச்சுக்குப் போகுது. சனிக்கிழமை நான் வாறன், முழுக்கக் கேட்டுப் பாப்பம். அதிலை ஒண்டும் இல்லாட்டி, நாடகக்காரியின்ரை பேரிலைதான் போடவேண்டி வரும். குறை நினைக்காதேங்கோ."

போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் தேய்ந்த தட்டுக்கு இரும்பு ஊசிக்குப் பதிலாக முள்ளைச் செருகிக் கேட்பார்களாம். முள் தேயும், தட்டுத் தேயாது. எந்த முள் என்று அவருக்கும் தெரியவில்லை.

பூரணிக்கு அந்தக் கிழமை முழுவதும் ஒரே யோசனைதான். அச்சில் ஒருமுறை மதராஸ்காரி என்று ஏறிவிட்டால் பிறகு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். மலையிலிருந்து வந்து பாடியவள் ஒருத்தி இருந்தாள் என்பதே இல்லாமல் போகும். முந்நூறில் கிடைத்தது இந்த ஒருத்திதான். அவளையும் விட்டுக்கொடுப்பதா?

"முள்ளா?" என்று நாகலெட்சுமி சிரித்தாள். "அதைப் போயி படிச்சவங்ககிட்ட கேட்டியாக்கும். என் கையைக் கேளுடி, சொல்லும். தொட்டாச்சிணுங்கி சும்மா கீறும். ரோசா முள்ளு ஒடஞ்சிரும். நாரத்தை முள்ளு இருக்கே, உள்ள போச்சுன்னா நம்மளை அழ வெச்சுட்டுத்தான் வெளிய வரும்."

அடுத்த நாள் ஒரு கைப்பிடி நாரத்தை முள் வந்து சேர்ந்தது. அடுப்புக்கு மேலே மூன்று நாள் காயவைத்தார்கள். தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் தேய்த்துக் கூராக்கினார்கள். உதவாத ரெக்கோட்டு ஒன்றை வைத்துப் பரீட்சை. முதல் முள் ஒடிந்தது. இரண்டாவது வழுக்கியது. ஐந்தாவது நாலு சுற்றுப் பாடிவிட்டு மழுங்கியது. இப்படியே போய் ஒன்பதாவது முள்ளில் பாட்டு முழுதாக வந்தது. சத்தம் குறைவுதான், பக்கத்துக் காம்பராவில் யாரோ பாடுவதுபோல. ஆனால் தட்டில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. நாகலெட்சுமி தன் விரலை விரித்துப் பார்த்து, "இம்புட்டு வருசம் குத்தினதுக்கு இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கு" என்றாள்.

சனிக்கிழமை பரமலிங்கம் சேர் குடையும் பைலுமாகப் பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். பனிமூட்டம் இறங்கி வாசலில் நின்றது. நாகலெட்சுமி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. என் முள்ளு பாடுறதை நான் பார்க்க வேண்டாமா என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். சேருக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு, தன் போனைப் பதிவு செய்யும்படி அழுத்திப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

பூரணி சாவியை முறுக்கினாள். முள்ளை நாகலெட்சுமி செருகினாள்.

கும்மி தொடங்கியது. சுற்றுக்கு ஒருமுறை விரிசலில் 'டக்' என்று தட்டியது. கைதட்டலோடு அதுவும் ஒரு கைதட்டலாகச் சேர்ந்துகொண்டது. பாடியவளுக்கு நல்ல தொண்டை. எட்டாத இடத்தை எட்டி எடுக்கிற தொண்டை. பூரணி முன்பு நிறுத்திய இடம் வந்தது, கடந்து போனது. முருகன் மயிலேறினான், வள்ளியைக் கண்டான், பாட்டு முடிந்தது. ஊர் என்று சொல்ல அதில் ஒரு சொல்கூட இல்லை.

பரமலிங்கம் சேர் பெருமூச்சு விட்டார். "அவ்வளவுதான் போலை, பிள்ளை" என்று பைலை இழுத்தார். எழுத வேண்டியதை அவர் முன்பே பென்சிலால் எழுதி வைத்திருந்தது பூரணிக்குத் தெரிந்தது. அவள் கையை நீட்டி அவரைத் தடுத்தாள். முள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு விரல்கடை கோடு மிச்சம் இருந்தது.

இரைச்சலுக்கு உள்ளேயிருந்து, தூரத்தில் நின்று பேசுவதுபோல ஓர் ஆண் குரல்: "பேர் சொல்லு."

உடனே, கிட்டத்தில், அவள் குரல். பாடியதைவிட உரக்க, விறைப்பாக: "லெட்சுமிங்க. நூத்தி நாப்பத்தேழு. மூக்கன் கங்காணி கூட்டம்."

நாகலெட்சுமி வாயில் கை வைத்துக்கொண்டாள். "அடியே! பெரட்டுல சொல்றாப்புல சொல்றாடி!"

"உஸ்" என்றாள் பூரணி. இன்னும் இருந்தது. அந்தக் குரல் இப்போது தணிந்து, தயங்கித் தயங்கிக் கேட்டது:

"ஐயா… எனக்கு முழுப்பேருதானுங்களே?"

அதோடு கோடு முடிந்தது. முள் நடு வட்டத்தில் உரசிக்கொண்டு நின்றது.

அந்தக் காலத்தில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைச் சொல்லும் வழக்கம் இருந்ததைப் பரமலிங்கம் சேர் அறிவார். வேலைக் கூட்டத்தை மேய்க்கிற கங்காணியையும் செக்ரோல் நம்பரையும் சேர்த்துச் சொன்ன பாடகியை அவர் கேட்டதில்லை. பென்சிலால் எழுதியிருந்ததை இரப்பரால் அழித்தார், ஊதினார். "நான் தோத்துப்போனன், பிள்ளை. மதராஸ் நாடகக்காரிக்குக் கங்காணி ஏது? அச்சுப்பிழை எண்டு சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "கடைசியிலை என்ன கேட்டவ? தன்ரை முழுப்பேரையும் சொல்லோணுமோ எண்டு கேட்டவவோ?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகலெட்சுமிதான் சொன்னாள்.

"அது கூப்புடுற பேரு இல்லீங்க சேர். எங்களுக்கு ஒரு நாள் வேலைன்னா ஒரு பேரு. நெறைய கொழுந்து எடுத்தா முழுப்பேரு போடுவாங்க. கொறைஞ்சு போனா, மழை வந்து நின்னு போனா, அரைப்பேருதான். இந்தப் புள்ள அன்னிக்கு மலைக்குப் போகாம பாட வந்திருக்கா. அந்த நாளுக்கு முழுப்பேரு விழுமான்னு கேக்குறா."

சேர் பேனாவைக் கீழே வைத்தார். "முப்பது வருசம் இஞ்சை படிப்பிச்சனான்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். "என்ரை வகுப்பிலை இருந்த பிள்ளையளின்ரை தாய்மார் எல்லாம் இதைத்தானே ஒவ்வொரு நாளும் கேட்டிருப்பினம். எனக்குத் தெரியாமல் போச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பூரணியைப் பார்த்து, "போட்டிருப்பினமோ?" என்றார்.

பூரணி யோசித்தாள். மலைக்குப் போனவர்களுக்குச் செக்ரோலில் இடம் உண்டு, கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குப் போனவர்களுக்கு உண்டு, நோவென்று படுத்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும்கூட உண்டு. பாடப் போனவளுக்கு இடம் இருந்ததாக அவள் கண்டதில்லை.

"இல்லீங்க சேர்" என்றாள். "போட்டிருக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் இன்னொன்று அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண் கேள்வியை எப்போது கேட்டாள்? பாடி முடித்த பிறகுதானே. அன்றைய கூலி விழுமா என்று தெரியாமலே, மனசில் அதை வைத்துக்கொண்டே, ஓரடிகூடக் குறைக்காமல், எட்டாத இடத்தையெல்லாம் எட்டிப் பாடிக் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்து கேட்டிருக்கிறாள். பூரணிக்கு இத்தனை வருசத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ தந்திருக்கிறார்கள். இப்படி ஒருத்தி தந்ததை எந்தக் கையால் வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாகலெட்சுமி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தானும் அழுதாள்.

பரமலிங்கம் சேர் அவசரப்படாமல் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "லெட்சுமி. செக்ரோல் இலக்கம் நூற்று நாற்பத்தேழு. மூக்கன் கங்காணி கூட்டம். மலையகத் தோட்டத் தொழிலாளி. தோட்டத்தின் பெயர் தெரியவில்லை." சரியா என்று இரண்டு பேரையும் கேட்டார். சரி என்றார்கள். இனி இந்தத் தட்டைப் போட வேண்டிய அவசியமில்லை, பாட்டு முழுக்கப் போனில் பதிந்துவிட்டது, பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள் என்றார்.

பூரணி உறையைக் கையில் எடுத்தாள். நாகலெட்சுமி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கேட்டவளுக்கு ஒரு பதில் சொல்லாமலா தூக்கி வெக்கப் போற?"

"தேஞ்சிருமேடி."

"முள்ளுதான்டி தேயும். செக்ரோல் எழுதுறவ நீதானே? சொல்லு."

புது முள் செருகினார்கள். பாட்டின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் பூரணி மெல்ல இறக்கி வைத்தாள். கைதட்டல் ஓய்ந்தது. தூரத்துக் குரல் பெயரைக் கேட்டது. லெட்சுமி நம்பரைச் சொன்னாள், கங்காணியைச் சொன்னாள். பரமலிங்கம் சேரும் ஏனோ நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா… எனக்கு முழுப்பேருதானுங்களே?"

"முழுப்பேருதாம்மா" என்றாள் பூரணி. "போட்டாச்சு."